நான்கு கம்பி, இருபது ஆண்டு, ஒரு காது

பேஸ் கிட்டார் வாசிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் வரும் கேள்வி, "அதில் நாலு கம்பிதானே, சுலபமாக இருக்குமே" என்பது. அடுத்த கேள்வி, "சரி, வேலை என்ன பார்க்கிறீர்கள்" என்பது. இரண்டுக்கும் இருபது ஆண்டுகளாகச் சிரித்தே பதில் சொல்லிவந்தேன். சென்ற ஆடியில் ஒரு நாள் பழைய கணக்கு நோட்டுகளை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தபோது, இந்த வாத்தியத்தை நம்பி நான் கைவிட்டுப் போகவிட்ட பணம் மட்டும் ஏறக்குறைய 1,70,000 ரூபாய் என்று தெரிந்தது. வலது காதில் திரும்பி வராத இழப்பும், இடது மணிக்கட்டில் மழைக்காலத்து வலியும் அந்தக் கணக்கில் சேரவில்லை. இவற்றில் பாதியையாவது, எனக்கு முன்னால் இந்த வழியில் போனவர் ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் தவிர்த்திருப்பேன். சொல்ல ஆள் இருந்திருக்கலாம். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் சேலம் அம்மாப்பேட்டையில் வளர்ந்தவன். எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். தறிச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்துவிடும். மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் தூக்கம் கலையும். பேஸ் என்னும் தாழ்ந்த ஓசையை நான் முதலில் அறிந்தது அப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது. 2001இல் சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் நான்கு பேர் ராக் குழு ஆரம்பித்தோம். மூன்று பேருக்குக் கிட்டார் தெரியும், ஒருவனுக்கு டிரம்ஸ். கிட்டார்க்காரர்களில் ஒருவன் பேஸுக்குப் போக வேண்டும் என்றபோது சீட்டுக் குலுக்கினோம். என் பெயர் வந்தது. அன்று எனக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது. 1961இல் பீட்டில்ஸ் குழுவை விட்டு ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியபோது, வேறு யாரும் விரும்பாததால் பால் மெக்கார்ட்னி பேஸைக் கையில் எடுத்தார் என்று பின்னால் படித்தபோதுதான் மனம் சற்று ஆறியது. ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் பேஸ்காரன் பிறப்பது இப்படித்தான்.

என் முதல் பேஸை 2003இல் பெங்களூரில் ஒரு மாணவரிடமிருந்து 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். மேலிருந்து கீழாக ஈ, ஏ, டி, ஜி என்று நான்கு கம்பிகள். கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். எடை நான்கு கிலோவுக்கு மேல். இந்த வாத்தியத்தின் கதை பெரிதல்ல. ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாமலும், அதன் ஓசை மேடையில் எடுபடாமலும் தவித்தவர்களுக்காக, லியோ ஃபெண்டர் 1951இல் மின்சார பேஸ் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதன் நீண்ட கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளை, ஃப்ரெட்டுகளை, வைத்திருந்ததால் விரல் வைத்த இடத்தில் சுருதி துல்லியமாக நிற்கும் என்பதற்காகவே அதற்குப் பிரிசிஷன் என்று பெயர். நான் வாங்கியதில் அந்தத் துல்லியம் இல்லை. கழுத்து வளைந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. சேலம் நெத்திமேட்டில் ஒரு மரவேலைக்காரர் கண்ணை ஒட்டி வைத்து நீளவாக்கில் பார்த்து, "கண்ணு, இது வில்லு மாதிரி இருக்குது" என்றார். பழைய வாத்தியம் வாங்குகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள்: கழுத்தை நீளவாக்கில் கண்ணோடு வைத்துப் பாருங்கள், பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி, எங்கேயாவது ஓசை செத்துப்போகிறதா என்று கேளுங்கள். கால் மணி நேரம் ஆகும். நான் அதைச் செய்யாததால் ஓராண்டு முழுவதும் என் விரல்தான் சரியில்லை என்று நம்பி, கொப்புளம் வெடிக்க வெடிக்க வாசித்தேன்.

ராக் குழுவில் பணம் வராது என்பதால், கல்லூரிக் காலத்திலேயே ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். சேலத்தில் ஆடி மாதம் என்றால் கோட்டை மாரியம்மன் பண்டிகை. அதையொட்டிக் குகை, செவ்வாய்ப்பேட்டை, அன்னதானப்பட்டி என்று ஊரெங்கும் மாரியம்மன் கோயில்களில் கச்சேரி இருக்கும். ஒரு இரவுக்கு 300 ரூபாய், போக்குவரத்துக்குத் தனியாக 50, சாப்பாடு. ராக் கேட்கும் திமிரில், சினிமாப் பாட்டில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். முதல் ஒத்திகையிலேயே அந்த நினைப்பு உடைந்தது. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் என்பது மெட்டுக்குக் கீழே ஓடும் இன்னொரு மெட்டு. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் அது பேசிவிட்டுப் போகும். அவருக்காகப் பேஸ் வாசித்த சசிதரனின் விரல்கள் எந்த ஃப்ரெட்டுக்குப் போயிருக்கும் என்று ஒலிநாடாவை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டித் தேடியதுதான் என் உண்மையான படிப்பு. எங்கள் குழுத் தலைவர் ஒருநாள் தட்டுவடை செட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணு, நீ வாசிக்கிறது யாருக்கும் கேக்காது, நீ நிறுத்துனா எல்லாருக்கும் கேக்கும்" என்றார். வாசிப்பைப் பற்றித்தான் சொன்னார். சம்பளம், பெயர், உடம்பு ஆகியவற்றுக்கும் அது பொருந்தும் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது.

அந்தக் குழுவில் இருந்தபோதுதான், ஓமலூர்ப் பக்கத்தில் ஒரு கோயில் மேடையில் எனக்கு மின்சாரம் தாக்கியது. ஜெனரேட்டரில் ஓடிய கச்சேரி. கூட்டுக்குரல் கொடுக்க மைக்கை நெருங்கியதும், உதட்டில் யாரோ ஊசியால் குத்தி இழுத்ததைப் போல இருந்தது, பின்வாங்கி விழுந்தேன். பேஸின் கம்பிகள், ஓசையைப் பெருக்கும் பெட்டியான ஆம்ப் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கும், மைக் வேறொரு இணைப்பிலிருந்து வரும், இரண்டில் ஒன்றில் கோளாறு இருந்தால் நடுவே நிற்கும் மனிதன்தான் கம்பியாகிறான். மேடையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகர மேடையில் இதே விதமாக, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார் என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன். அதற்குப் பிறகு என் பையில் டெஸ்டர் இல்லாமல் நான் மேடை ஏறியதில்லை. வாயை வைப்பதற்கு முன் மைக்கின் தலையில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் எவ்வளவு பெரிய கூட்டம் காத்திருந்தாலும் வாசிக்காதீர்கள். பிளக்கில் மூன்றாவது முனையை உடைத்துவிட்டுச் சொருகும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அப்படிப்பட்ட பிளக்கைக் கண்டால் அதை மாற்றச் சொல்லிச் சண்டை போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்திய ஒரு சிறிய இணைப்புப் பெட்டியைச் சொந்தமாகச் செய்து எடுத்துச் செல்வது இன்னும் நல்லது.

கல்லூரி முடிந்த பிறகு நான்கு பேரும் ராக் குழுவைக் கைவிடவில்லை. குழுவின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். 2005 முதல் 2009 வரை வெள்ளிக்கிழமை மாலை சேலம் புதிய பேருந்து நிலையத்தில் பெங்களூர் வண்டி ஏறி, வாசித்துவிட்டு ஞாயிறு இரவு திரும்புவோம். மடியில் பேஸை வைத்துக்கொண்டு தொப்பூர்க் கணவாயில் தூங்கிய இரவுகள் கணக்கில் இல்லை. வரவு பேருந்துச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக்கும் என் தாழ்ந்த ஈ கம்பியும் ஒரே கணத்தில் விழுந்து, எதிரே நிற்கும் நூறு பேரின் உடம்பு தங்களை அறியாமல் அசைந்த அந்தக் கணங்களுக்கு ஈடாக என் வாழ்க்கையில் வேறொன்று கிடைத்ததில்லை. அதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டேன்.

2008இல் ஒரு ஆல்பம் பதிவு செய்தோம். ஒலிப்பதிவுக் கூடம், ஒலிக் கலவை, குறுந்தகடு அச்சு எல்லாம் சேர்ந்து 2,88,000 ரூபாய், ஆளுக்கு 72,000. என் பங்குக்கு அம்மாவின் சங்கிலி செவ்வாய்ப்பேட்டையில் அடகுக்குப் போனது. ஆயிரம் தகடு அடித்ததில் 340 விற்றன. மீதியின் நான்கு பெட்டிகள் இன்றும் எங்கள் வீட்டு அட்டாலியில் இருக்கின்றன. அம்மா அதைத் தன் கைப்பேசியில் முழுவதும் கேட்டுவிட்டு, "இதுல நீ எங்கப்பா இருக்கே" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தாழ்ந்த ஈ கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது; கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரால் அந்த அதிர்வைத் தரவே முடியாது, மேலே எழும் துணை அதிர்வுகளை மட்டும் கேட்டு மூளை மிச்சத்தை ஊகித்துக்கொள்கிறது. நாங்கள் கலவைக்குச் செலவழித்த பணத்தில் பாதி, பெரிய ஸ்பீக்கரில் மட்டுமே கேட்கக்கூடிய கீழ் ஓசைக்குப் போனது. இப்போது என் மாணவர்கள் பதிவு செய்யும்போது, முதலில் மலிவான கைப்பேசியில் போட்டுக் கேட்கச் சொல்கிறேன். அதில் பேஸ் தெரியவில்லை என்றால் கீழ் ஓசையை ஏற்றுவதில் பயனில்லை. பேஸின் நடு ஓசையைக் கொஞ்சம் தூக்கினால் போதும்.

2010இல் குழு உடைந்தது. பெரிய சண்டை எதுவுமில்லை. ஒருவனுக்குத் திருமணம், ஒருவனுக்கு வெளிநாடு. ஓராண்டு கழித்து நானும் பாடகனும் புதிய ஆட்களோடு பழைய பெயரில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டபோதுதான், அந்தப் பெயரை எங்களில் ஒருவர் தம் பெயரில் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டது தெரிந்தது. வழக்கறிஞர் கடிதம் வந்தது. எட்டு ஆண்டு நான் சுமந்த பெயர், நான் சீட்டுக் குலுக்கிய அன்று நான்கு பேரும் சேர்ந்து வைத்த பெயர், எனக்குச் சொந்தமில்லை. அன்று சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் ஒரு தேநீர்க் கடையில் ஒரு மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வீட்டில் "அப்போதே சொன்னோமே" என்பார்கள் என்று பயம். கேளிக்கைத் தொழிலுக்கான 41ஆம் வகுப்பில் வணிகச் சின்னம் பதிய, தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் இன்றைய கட்டணம் 4,500 ரூபாய். நான்கு பேர் சேர்ந்து கூட்டாகப் பதிந்திருந்தால் ஒரு இரவின் சாப்பாட்டுச் செலவில் முடிந்திருக்கும்.

பாடல்களிலும் இதே கதைதான். பதிவில் வாசித்தவனுக்கு நிகழ்த்துக் கலைஞன் என்ற முறையில் நம் பதிப்புரிமைச் சட்டம் 50 ஆண்டுகள் உரிமை தருகிறது. ஆனால் மெட்டு யாருடையது என்ற கேள்வி வரும்போது, பேஸ் வரியை அமைத்தவனை யாரும் மெட்டமைத்தவனாக எண்ணுவதில்லை, முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் தவிர. எங்கள் ஆல்பத்தில் மூன்று பாடல்கள் என் பேஸ் வரியிலிருந்தே பிறந்தவை. தகட்டின் உறையில் மெட்டு என்ற இடத்தில் என் பெயர் இல்லை. அப்போது நான் அதைக் கவனித்தேன், கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். அதன் பலனாக இன்று எங்கோ அந்தப் பாடல் ஓடினால் எனக்கு வருவது ஒன்றுமில்லை. பாடல் முடிந்த அன்றே, கூடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன், ஒரு தாளில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். நட்பு கெட்டுவிடும் என்பார்கள்; கெடாது. எழுதாமல் விட்டவர்களின் நட்புதான் கெட்டிருக்கிறது, எங்களுடையதையும் சேர்த்து.

அதன் பிறகு சில ஆண்டுகள் சென்னை. குடியேறவில்லை, இரவு சேலத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்னை, வேலை முடிந்து மறுநாள் அதே வண்டியில் திரும்புவேன். விளம்பர இசை, பக்திப் பாடல் தொகுப்பு, சில படங்களுக்கான துண்டு வாசிப்பு என்று கிடைத்ததையெல்லாம் செய்தேன். ரகுமானுக்கு வாசிக்கும் கீத் பீட்டர்ஸைப் போலத் தன் ஓசைக்காகவே அழைக்கப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் என்னைப் போன்றவர்களின் இடத்தைக் கீபோர்டு எப்போதோ எடுத்துவிட்டது. அழைப்பு வருவது, கீபோர்டு பேஸ் உயிரில்லாமல் இருக்கிறது என்று இசையமைப்பாளருக்குக் கடைசி நேரத்தில் தோன்றும்போதுதான். நாற்பது நிமிட வேலைக்காக முந்நூற்று முப்பது கிலோமீட்டர் போய்த் திரும்பிய நாட்கள் உண்டு. போன பிறகு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய நாட்களும் உண்டு. அமெரிக்காவில் மோடவுன் நிறுவனத்தின் 1960களின் வெற்றிப் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயரே பல ஆண்டுகள் இசைத்தட்டு உறைகளில் அச்சாகவில்லை என்பதைத் திரும்பி வரும் ரயிலில் நினைத்துக்கொள்வேன், ஆறுதலாக இருக்கும். அந்த ஆறுதல் நல்லதல்ல என்று இப்போது சொல்வேன். கிளம்புவதற்கு முன், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் வந்துபோகும் செலவும் அரைநாள் ஊதியமும் உண்டு என்று ஒரு குறுஞ்செய்தியில் பேசி முடித்துவிட வேண்டும். அப்படிக் கேட்கத் தொடங்கிய பிறகு என்னை அழைப்பது குறைந்தது உண்மை. கையில் மிஞ்சியது அதிகரித்ததும் உண்மை.

மணிக்கட்டு வலி அங்கேதான் ஆரம்பித்தது. ராக் குழுக் காலத்தில் பேஸை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு வாசிப்பது அழகு என்று நினைத்தேன். அப்படித் தொங்கவிட்டால் இடது மணிக்கட்டு ஏறக்குறைய மடங்கியே இருக்கும், அந்த மடிப்பில் தசைநாண் உரசி வீங்கும். ஆறு வாரம் ஓய்வு, ஒரு பருவத்து வருமானம் போனது. தோளில் மாட்டும் வாரை இரண்டு பிடி உயர்த்திக் கட்டி, நான்கு விரல் அகலத் தோல்வாருக்கு மாறியதோடு பெரும்பாலும் சரியாயிற்று.

2014இல் ஏற்காட்டுக்கு வந்தேன். ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ், நான். சனி, ஞாயிறுகளில் விடுதிகளில் வாசிப்பு, ஆளுக்கு இரவொன்றுக்கு 2,000 ரூபாய். மே மாதக் கோடை விழாப் பருவத்தில் வாரம் முழுவதும் வேலை. சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். முதுகில் பேஸோடு இருசக்கர வண்டியில் ஏறுவேன். நள்ளிரவில் இறங்கும்போது காட்டெருமை வழியில் நின்றால் விளக்கை மங்கலாக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கீழே மே வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். மேலே 1,500 மீட்டரில் மாலையானால் பனிப்புகை. வாத்தியத்தின் மரத்துக்கு இது கொடுமை. சேலத்தில் சரியாக இருந்த கம்பி உயரம் மலையில் ஏறிப்போய்விடும், அல்லது ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை, டிரஸ் ராடை, நானே திருகக் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில்தான். கால் திருகலுக்கு மேல் ஒரே தடவையில் திருகக் கூடாது. திருகிவிட்டுச் சுருதி சேர்த்து, அரைமணி நேரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். மலை ஏறி வந்ததும் உறையைத் திறக்காமல் அரைமணி நேரம் அப்படியே வைத்திருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். இந்த அவசரமற்ற வேலைதான் பின்னால் எனக்குச் சோறு போட்டது.

மலையில் நான் ஏமாந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 பருவத்தில் ஒரு விடுதியில் 19 இரவுகள் வாசித்தோம். என் பங்கு 38,000 ரூபாய். "சீசன் முடியட்டும் சார்" என்றார்கள், பிறகு மேலாளர் மாறிவிட்டார், பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. 2019 இறுதியில் ஒரு வழக்கறிஞரிடம் போனபோது, பணம் வர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது என்றார். மரியாதைக்காகக் காத்திருந்ததில் சட்டத்தின் கதவும் மூடிவிட்டது. வேறொரு விடுதி ஒழுங்காகப் பணம் கொடுத்தது. ஆனால் 94,000 ரூபாயில் பத்து சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்டியிருந்தது. எனக்கு வரி கட்டும் அளவு வருமானமே இல்லை. கணக்குத் தாக்கல் செய்திருந்தால் அந்த 9,400 திரும்பி வந்திருக்கும். 26ஏஎஸ் என்றொரு படிவம் இருக்கிறது, அதில் நம் பெயரில் பிடித்த வரி தெரியும் என்பது எனக்குத் தெரிந்தபோது அதற்கும் கெடு முடிந்திருந்தது. விடுதிகளில் வாசிக்கும் தம்பிகள் ஆண்டுக்கு ஒரு முறை அதைத் திறந்து பார்ப்பது நல்லது.

இனி காதைப் பற்றி. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனாலும் கடைசியில்தான் வருகிறது. 2017 டிசம்பர் 31 இரவு, ஏற்காட்டில் தாழ்ந்த கூரை கொண்ட ஒரு கூடத்தில் புத்தாண்டு நிகழ்ச்சி. நான் எப்போதும் டிரம்ஸ்காரருக்கு இடப்பக்கம், ஹைஹாட் என்னும் ஜோடித் தட்டை ஒட்டி நிற்பேன். அவருடைய காலையும் இடது கையையும் பார்த்து வாசிப்பது பழக்கம். அதனால் என் வலது காது பதினைந்து ஆண்டுகளாக சிம்பல் என்னும் உலோகத் தட்டுகளுக்கு இரண்டடி தூரத்தில் இருந்திருக்கிறது. அன்று நான்கு மணி நேரம் வாசித்தோம். வண்டியில் இறங்கும்போது காதில் ஒரு கீச்சொலி; சுவர்க்கோழி என்று நினைத்தேன். வீட்டில் கதவைச் சாத்திப் படுத்த பிறகும் அந்தச் சுவர்க்கோழி நிற்கவில்லை. முன்பும் கச்சேரிக்குப் பிறகு இரைச்சல் வந்து காலையில் போய்விடும். இந்தத் தடவை போகவில்லை. ஐந்தரை மாதம் யாரிடமும் சொல்லவில்லை. காது கேட்காத பேஸ்காரனை யார் கூப்பிடுவார்கள் என்ற பயம் ஒன்று. சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்ற பயம் இன்னொன்று. ஒரு உறவினர் சொன்னபடி காதில் சூடான எண்ணெய் விட்டேன். பாடலிலும் பேச்சிலும் ச, ஸ, ஃப போன்ற எழுத்துகள் தேய்ந்து கேட்டன. மனைவி இரண்டு முறை சொன்னால்தான் பதில் வந்தது, அவள் நான் வேண்டுமென்றே கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டாள். இரவில் மின்விசிறியை வேகமாக வைத்து அதன் சத்தத்துக்குள் ஒளிந்து தூங்கினேன். நடு இரவில் எழுந்து உட்கார்ந்து, இந்த ஒலி இனி என்றைக்குமா என்று நினைத்து அழுத நாட்கள் இருக்கின்றன.

2018 ஜூனில்தான் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போனேன். சோதனைத் தாளில் கோடு நேராக வந்து, வலது காதுக்கு 4,000 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 4,000 அதிர்வு, என்ற இடத்தில் கிணறு போல இறங்கியிருந்தது. இரைச்சலால் கெடும் காதில் முதலில் பள்ளம் விழுவது அந்த இடத்தில்தான் என்று அவர் விளக்கினார். வேடிக்கை என்னவென்றால், நான் வாழ்நாள் முழுவதும் வாசித்தது நாற்பதிலிருந்து சில நூறு ஹெர்ட்ஸ் வரை. என் காதைக் கெடுத்தது என் வாத்தியம் அல்ல, பக்கத்து சிம்பல். போன கேட்கும் திறன் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், இரைச்சலோடு பழகலாம் என்றார். திடீரென்று ஒரு காது அடைத்தாலோ கேட்கும் திறன் குறைந்தாலோ ஓரிரு நாளுக்குள் வந்துவிட வேண்டும், சில வகைப் பாதிப்புக்கு ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் பலன் இருக்கும் என்றும் சொன்னார். நான் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ஐந்தரை மாதத்தை நினைத்துத் தலை குனிந்தேன்.

அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்த கணக்கு இன்றும் என் பேஸ் உறைக்குள் இருக்கிறது. 85 டெசிபல் ஓசையில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 88இல் நான்கு மணி, 91இல் இரண்டு, 94இல் ஒன்று, 100 டெசிபலில் வெறும் கால் மணி நேரம். தாழ்ந்த கூரைக்குக் கீழே டிரம்ஸுக்குப் பக்கத்தில் 100 என்பது சாதாரணம். நான் நான்கு மணி நேரம் நின்றேன். பஞ்சு வைத்தால் போதும் என்று நம் மேடைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பஞ்சு மிகக் குறைவாகத்தான் தடுக்கும், தடுப்பதும் ஓசையை மந்தமாக்கிவிடும். இசைக் கலைஞர்களுக்கென்றே வடிகட்டி வைத்த காதடைப்பான் இருக்கிறது. எல்லா ஓசையையும் ஏறக்குறைய சமமாகக் குறைப்பதால் சுருதி கெடாமல் கேட்கும். அளவெடுத்துச் செய்ததற்கு எனக்கு 18,000 ஆனது, சோதனை, மருந்து எல்லாம் சேர்த்து 27,000. ஆயத்தமாகக் கிடைப்பது இதில் சிறு பங்குதான். முதல் மூன்று ஒத்திகைகளில் தண்ணீருக்குள் வாசிப்பது போல இருக்கும், எடுத்து எறியத் தோன்றும், நான்காவதில் பழகிவிடும். செலவே இல்லாதது ஒன்று உண்டு: சிம்பலை விட்டு ஆறடி தள்ளி, சற்று முன்னால் நில்லுங்கள். டிரம்ஸ்காரரின் காலைப் பார்க்க வேண்டுமானால் திரும்பிப் பாருங்கள்.

2020 மார்ச்சில் எல்லா மேடையும் நின்றது. 46,000 ரூபாய்க்கு வாங்கிய ஆம்பை 24,000க்கு விற்றேன். அந்த ஊரடங்கில்தான் தெரிந்தவர்கள் கிட்டார்களைச் சரிசெய்யச் சொல்லிக் கொண்டுவந்தார்கள். மலையில் கற்றுக்கொண்ட திருகல் வேலை கைகொடுத்தது. இப்போது வீட்டு முன்னறையில் பட்டறை இருக்கிறது. கழுத்துச் சரிசெய்து, ஃப்ரெட் தேய்த்து, புதுக் கம்பி மாட்டிக் கொடுக்கிறேன். மாலையில் ஒன்பது பேர் பேஸ் படிக்க வருகிறார்கள், அவர்களில் மூன்று பேர் பெண்கள், ஒருவர் தறிக்கூடம் வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர். பாடம் தொடங்கும் முன் எல்லோரும் காதடைப்பானை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இங்கே விதி. வலது காதில் சுவர்க்கோழி இன்னும் இருக்கிறது. இதை எழுதும்போதும் கேட்கிறது.

வாசிப்பதை விட்டுவிடவில்லை, மாதம் இரண்டு மூன்று இரவுகள் போகிறேன். போன வாரம் மலையிலிருந்து ஒரு விடுதிக்காரர் கூப்பிட்டு, டிசம்பர் கடைசி வாரத்துக்கு ஐந்து இரவுகள் வர முடியுமா என்று கேட்டார். வரலாம் என்றேன். பாதிப் பணம் முன்னதாக வங்கியில் வர வேண்டும், மீதி கடைசி இரவு வாசிப்பதற்கு முன், இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி ஓடாது, டிரம்ஸுக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு வேண்டும், எல்லாவற்றையும் ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள் என்றேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "முதலாளியைக் கேட்டுட்டுக் கூப்பிடுறேன் சார்" என்றார். இன்னும் கூப்பிடவில்லை.